குண்டா இருக்கவங்களுக்கு இரைப்பை கேன்சர் ஆபரேஷன்: ரிஸ்க் கூடுது, ஆனா ஆயுள் ஏன் குறையல?

உடம்பு குண்டா இருந்தா கேன்சர் ஆபரேஷன் ஆபத்துன்னு ஒரு செய்தி வரும், அடுத்த மாசமே குண்டா இருக்கவங்க இரைப்பை கேன்சர் வந்தும் அதிக நாள் வாழுறாங்கன்னு இன்னொரு செய்தி வரும். படிக்கிறவங்க ரெண்டுல எது உண்மைன்னு குழம்பிப் போறாங்க, வீட்ல ஒருத்தருக்கு இந்த நோய் இருந்தா அந்தக் குழப்பம் பயமாவே மாறிடுது. ரெண்டு செய்திக்கும் பின்னாடி உண்மையான ஆய்வுகள் இருக்கு, ஆனா ரெண்டும் பேசுறது வேற வேற விஷயத்தை. முதல் செய்தி ஆபரேஷன் தியேட்டர்லயும் அதுக்கப்புறம் ஒரு மாசத்துலயும் நடக்குறதப் பத்தினது. ரெண்டாவது, அஞ்சு வருஷம் கழிச்சு யார் உயிரோட இருக்காங்கன்னு பாக்குறது. அடிப்படையிலேர்ந்து வரிசையா பாக்கலாம்.

முதல்ல, எதை குண்டுன்னு சொல்றோம்?

பிஎம்ஐ-ன்னா கிலோவுல இருக்க எடையை, மீட்டர்ல இருக்க உயரத்தோட வர்க்கத்தால வகுத்தா வர்ற எண். உலக சுகாதார நிறுவனம் 25-க்கு மேல போனா அதிக எடை, 30-க்கு மேல உடல் பருமன்னு வெச்சிருக்கு. ஆனா ஆசியாக்காரங்களுக்கு அதே பிஎம்ஐ-லயே வயித்துக்குள்ள கொழுப்பு அதிகமா சேருது, சுகரும் சீக்கிரமே வருது, அதனால ஜப்பான்லயும் இந்தியாவுலயும் 25-லயே பருமன்னு கணக்கு பண்றாங்க.

165 செ.மீ. உயரம் உள்ள ஒருத்தர எடுத்துக்குங்க. இந்தியக் கணக்குப்படி 68 கிலோ தாண்டினாலே அவர் பருமன், மேல்நாட்டுக் கணக்குப்படி 82 கிலோகிட்ட வந்தாதான் பருமன். 14 கிலோ வித்தியாசம்! ஜப்பான் ஆய்வுல பருமன்னு வர்றவர் அமெரிக்க ஆய்வுல வெறும் அதிக எடைன்னு வருவார், இதை கவனிக்காம ரெண்டு நாட்டு ஆய்வையும் பக்கத்துல வெச்சுப் படிச்சா குழப்பம்தான் மிஞ்சும்.

அடுத்தது இன்னும் முக்கியம், கொழுப்பு எங்க இருக்குங்கிறது. தோலுக்கு அடியில இருக்க கொழுப்பு ஒரு வகை, கையால பிடிச்சா வர்றது. குடலைச் சுத்தி, உறுப்புகளுக்கு நடுவுல, உள்ளேயே அடைஞ்சு கிடக்குறது இன்னொரு வகை, இதை உள்ளுறுப்புக் கொழுப்புன்னு சொல்லலாம். ஜப்பான்ல தொப்புள் மட்டத்துல சிடி ஸ்கேன் எடுத்து இந்த உள்கொழுப்பு 100 சதுர செ.மீ.க்கு மேல இருந்தா பிரச்சனைன்னு வரையறை வெச்சிருக்காங்க. கை கால் ஒல்லியா இருந்து தொப்பை மட்டும் கெட்டியா முன்னாடி நிக்கிற ஆம்பளைங்க நம்ம ஊர்ல எத்தனை பேர்! பிஎம்ஐ பாத்தா சாதாரணமா இருக்கும், சர்ஜன் வயித்தைத் திறந்தா வேற கதை. இரைப்பை ஆபரேஷனைக் கஷ்டமாக்குறது பெரும்பாலும் இந்த உள்கொழுப்புதான், அதனாலதான் ஒரே பிஎம்ஐ இருந்தாலும் பொம்பளைங்களவிட ஆம்பளைங்களுக்கு ஆபரேஷன் சிக்கல் அதிகமா தெரியுது.

இந்த கேன்சருக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்?

2022 கணக்குப்படி உலகத்துல வருஷத்துக்கு சுமார் 9.7 லட்சம் பேருக்கு இரைப்பை கேன்சர் புதுசா வருது, 6.6 லட்சம் பேர் இறக்குறாங்க. ஜப்பான், கொரியா, சீனா பக்கம் ரொம்ப அதிகம். இந்தியாவுல மிசோரம்ல அதிகம், சென்னையிலயும் ஆம்பளைங்களுக்கு வர்ற முக்கிய கேன்சர்கள்ல இதுவும் ஒண்ணு.

இரைப்பையோட மேல் வாய், அதாவது உணவுக்குழாய் வந்து சேர்ற இடத்துல வர்ற கேன்சருக்கு உடல் பருமன் ஒரு காரணம்னு சர்வதேச புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல சொல்லிடுச்சு. நடுப்பகுதியிலயும் கீழ்ப்பகுதியிலயும் வர்றதுக்கு முக்கிய காரணம் எச். பைலோரிங்கிற கிருமி, அதோட அதிக உப்பு, புகை. இந்தக் கட்டுரைக்கு இது போதும், ஏன்னா நாம பாக்கப் போறது கேன்சர் வந்ததுக்கு அப்புறம் எடை என்ன பண்ணுதுங்கிறதை.

ஒரு விஷயம் தெளிவு பண்ணிடறேன். எடை குறைக்க இரைப்பையை வெட்டுற ஆபரேஷனும் கேன்சருக்கு இரைப்பையை எடுக்குற ஆபரேஷனும் ஒண்ணுன்னு நெறைய பேர் நினைக்கிறாங்க. எடை குறைப்புல இரைப்பையோட ஒரு பக்கத்தை நீளவாக்குல வெட்டி எடுத்துட்டு வெளிய வந்துருவாங்க, சுத்தி இருக்க நெறிக்கட்டிகளத் (நிணநீர் முடிச்சுகளத்) தொட மாட்டாங்க. கேன்சர்ல வேலையே அந்த நெறிக்கட்டிகள்லதான் இருக்கு.

ஆபரேஷன்ல என்ன பண்றாங்க?

கேன்சர் இரைப்பையோட கீழ்ப்பக்கம் இருந்தா கீழ் மூணுல ரெண்டு பங்கை எடுப்பாங்க, மேல இருந்தாலோ முழுக்க பரவி இருந்தாலோ இரைப்பை மொத்தத்தையும் எடுத்துட்டு சிறுகுடலை மேல இழுத்து உணவுக்குழாயோட தைப்பாங்க. கூடவே இரைப்பைக்கு ரத்தம் கொண்டு வர்ற குழாய்களை ஒட்டி இருக்க நிணநீர் முடிச்சுகளையும் எடுக்கணும். கழுத்துல நெறி கட்டுதுன்னு சொல்வோம்ல, அதே மாதிரி முடிச்சுகள்தான், வயித்துக்குள்ளயும் இருக்கு, கேன்சர் செல் முதல்ல போய் உக்கார்ற இடம் அது.

இரைப்பையை ஒட்டின முடிச்சுகளை மட்டும் எடுத்தா டி1. கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போற ரத்தக் குழாய்கள் வரைக்கும், கணையத்தோட மேல் விளிம்பு ஓரமாவே போய் எடுத்தா டி2. முத்தின கேன்சருக்கு டி2-தான் இப்ப முறை. கேன்சர் எந்த ஸ்டேஜ்னு நம்பகமா சொல்லணும்னா குறைஞ்சது 16 முடிச்சாவது லேப்ல எண்ணிப் பாத்திருக்கணும், 30 கிடைச்சா இன்னும் நல்லது.

இந்த முடிச்சுகள் எதுக்குள்ள இருக்குன்னா, கொழுப்புக்குள்ள. இங்கதான் பிரச்சனை ஆரம்பிக்குது.

கொழுப்பு எந்தெந்த இடத்துல குறுக்க வருது?

1. கணையம். இதைத்தான் சர்ஜன்கள் ரொம்ப பயப்படுறாங்க. கணையமும் மஞ்சள் கலந்த நிறத்துல சின்னச் சின்ன உருண்டையா இருக்கும், பக்கத்துல இருக்க கொழுப்பும் கிட்டத்தட்ட அதே மாதிரி. ஒல்லியா இருக்கவருக்கு கணையத்தோட ஓரம் கோடு போட்ட மாதிரி தெரியும். உள்கொழுப்பு அதிகம் இருக்கவருக்கு எது கொழுப்பு எது கணையம்னு பிரிச்சுப் பாக்குறதே ஒரு வேலை, கொஞ்சம் அழுத்திப் பிடிச்சாலோ கருவியோட சூடு பட்டாலோ கணையத்துல காயம் ஆகி செரிமான நீர் வயித்துக்குள்ள கசிய ஆரம்பிச்சிடும். அந்த நீரோட வேலையே கொழுப்பையும் புரதத்தையும் கரைக்கிறது, அது பக்கத்துல இருக்க ரத்தக் குழாயையே அரிச்சு ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுக் கூட திடீர்னு பெரிய ரத்தப் போக்கு வரலாம். ஆபரேஷனுக்கு அப்புறம் வயித்துல டியூப் வெச்சு அதுல வர்ற தண்ணிய டெஸ்டுக்கு அனுப்புறதும், அதோட நிறம் மாறுதான்னு நர்ஸ் அடிக்கடி வந்து பாக்குறதும் இதுக்காகத்தான்.

2. தையல். இரைப்பையை முழுக்க எடுத்தா சிறுகுடல் மார்புக்கூடு பக்கம் வரைக்கும் மேல வரணும். குடலைத் தாங்குற சவ்வு கொழுப்பேறி தடிச்சுப் போயிருந்தா அது அவ்வளவு தூரம் நீளாது, இழுத்துப் பிடிச்சுத் தைச்சா தையல்ல இழுவிசை இருக்கும், லீக் ஆக வாய்ப்பு கூடும்.

3. நேரமும் ரத்தமும். கொழுப்புல மறைஞ்சிருக்க சின்னக் குழாய்கள் வெட்டுப்படும், அதை அடைச்சு அடைச்சுதான் முன்னேறணும். பல நாட்டு ஆய்வுகள்ல மாறாம வர்ற முடிவு இது, எடை கூடுனா ஆபரேஷன் நேரமும் ரத்த இழப்பும் கூடுது.

4. முடிச்சுகளோட எண்ணிக்கை. நெறைய ஆய்வுகள்ல பருமனா இருக்கவங்ககிட்டேர்ந்து கிடைச்ச முடிச்சு கம்மியாதான் இருக்கு. எடுத்த கொழுப்புக் கட்டிக்குள்ள லேப்காரங்க முடிச்சைத் தேடிப் பிடிக்கிறதும் கஷ்டம். எண்ணுனது கம்மின்னா கேன்சர் பரவின ஒரு முடிச்சு கணக்குல வராமலே போகலாம், நிஜத்துல மூணாவது ஸ்டேஜ் பேப்பர்ல ரெண்டாவது ஸ்டேஜா ஆகிடும்.

5. வெட்டுக் காயம். கொழுப்புல ரத்த ஓட்டம் கம்மி, தோலுக்கடியில இடைவெளி விழுந்து நீர் கட்டும், சுகரும் சேந்து இருந்தா சீழ் பிடிக்க வழி ஆகிடும்.

6. மூச்சும் ரத்தக் கட்டியும். மல்லாக்கப் படுத்தா வயித்து கனம் உதரவிதானத்தை மேல தள்ளும், மயக்கம் கொடுத்ததும் ரத்தத்துல ஆக்சிஜன் மத்தவங்கள விட வேகமா இறங்கும். தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற பிரச்சனை இருக்கவங்க அதை மயக்க டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடணும், குறட்டைதானேன்னு விட்ராதீங்க. கால்ல ரத்தம் உறையாம இருக்க ஊசியும் சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்கிறதும் இவங்களுக்கு இன்னும் அவசியம்.

ஜப்பான்ல 1995-லேர்ந்து 2001 வரைக்கும் 523 பேரைச் சேத்து, டி2 போதுமா இல்ல இன்னும் ஆழமா பெருந்தமனி ஓரத்து முடிச்சையும் எடுக்கணுமான்னு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஆழமா போனதால ஆயுள் கூடலைங்கிறதுதான் அதோட முக்கிய முடிவு. ஆனா அதே நோயாளிகளை பிஎம்ஐ 25-ஐ வெச்சுப் பிரிச்சுப் பாத்தப்ப எடை அதிகம் இருந்தவங்களுக்கு ஆபரேஷன் சிக்கல் கூடுதலா வந்திருந்தது தெரிஞ்சது. இவ்வளவுக்கும் அங்க கத்தி பிடிச்சவங்க எல்லாரும் வருஷக்கணக்கா இதே வேலையப் பண்ற கைகள்.

கை பழக்கம்னு சொன்னதும் நெதர்லாந்து ஞாபகத்துக்கு வருது. 1989-லேர்ந்து 1993 வரைக்கும் அங்க டி1-ஐயும் டி2-வையும் 711 பேர்கிட்ட ஒப்பிட்டாங்க, ஆபரேஷனையொட்டி இறந்தவங்க டி1-ல 4 சதவீதம், டி2-ல 10 சதவீதம். கணையத்தோட வாலையும் மண்ணீரலையும் சேத்து எடுத்தது ஒரு பெரிய காரணம், அந்த ஆபரேஷன் அங்க பல சர்ஜன்களுக்குப் புதுசுங்கிறது இன்னொண்ணு. ஆனா 15 வருஷம் தொடர்ந்து பாத்தப்ப இதே கேன்சரால இறந்தவங்க டி1-ல 48 சதவீதம், டி2-ல 37 சதவீதம். அதாவது டி2 கேன்சரால வர்ற மரணத்தைக் குறைக்குது, ஆனா முதல்ல அந்த ஆபரேஷனத் தாண்டி வரணும். பருமனான நோயாளிக்கு இந்த தாண்டி வர்ற பகுதிதான் கஷ்டமாகுது, அதனால இவங்களுக்கு இரைப்பை கேன்சர் ஆபரேஷன் அடிக்கடி நடக்குற ஆஸ்பத்திரியா பாத்துப் போறது ரொம்பவே முக்கியம்னு நான் நினைக்கிறேன்.

லேப்ராஸ்கோபி உதவுமா?

வயித்துல சின்னச் சின்ன ஓட்டை போட்டு கேமரா வழியா பண்றது. கொரியாவுல முதல் ஸ்டேஜ் நோயாளிகள் 1,416 பேர்கிட்ட நடந்த ஆய்வுல அஞ்சு வருஷம் உயிரோட இருந்தவங்க லேப்ராஸ்கோபில 94.2 சதவீதம், திறந்து பண்ணதுல 93.3 சதவீதம், கிட்டத்தட்ட சமம், காயம் சம்பந்தப்பட்ட தொந்தரவு லேப்ராஸ்கோபில கம்மி. பெரிய வெட்டு இல்லைங்கிறது தடிச்ச வயித்துக்கு நல்ல விஷயம். ஆனா கேஸ் அடிச்சு உப்ப வெச்ச இடத்தையும் உள்கொழுப்பு பாதி அடைச்சிடும், கணையம் பக்கத்து சிக்கல் அப்படியேதான் இருக்கு. இன்னும் ஆரம்பத்துலயே, இரைப்பையோட உள்சவ்வு அளவுல கேன்சரைப் பிடிச்சா எண்டோஸ்கோபி வழியாவே சுரண்டி எடுத்துடலாம், வயித்தை வெட்டவே தேவையில்ல. கொரியாவுல 40 வயசு தாண்டினவங்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை அரசுத் திட்டத்துலயே இரைப்பை பரிசோதனை நடக்கறதால இப்படி ஆரம்பத்துலயே மாட்டுறது அங்க ரொம்ப அதிகம்.

சரி, அப்புறம் எப்படி ஆயுள் குறையாம இருக்கு?

2000-ல ஜப்பான்லேர்ந்து வந்த ஒரு ஆய்வு பருமனா இருந்தா முடிச்சுகளைச் சரியா எடுக்க முடியல, முடிவும் மோசம்னு சொன்னது. 2009-ல டோக்கியோ கேன்சர் இன்ஸ்டிட்யூட் ஆஸ்பத்திரி டாக்டர்கள் வெளியிட்டது நேர் எதிர், எடை அதிகமா இருந்தவங்க அஞ்சு வருஷக் கணக்குல நல்லா இருந்தாங்க. அதுக்கப்புறம் வந்த பல ஆய்வுகள் ஒண்ணு வித்தியாசம் இல்லைன்னு சொல்லுது, இல்ல லேசான அதிக எடை இருக்கவங்க கொஞ்சம் நல்லா இருக்காங்கன்னு சொல்லுது. இதைத்தான் பருமன் முரண்னு சொல்றாங்க. இதுக்குக் காரணம்னு சொல்லப்படுறதுல மூணு முக்கியமானது.

1. தராசு பொய் சொல்லுது. 165 செ.மீ. உயரம், 80 கிலோ உள்ளவர், பிஎம்ஐ 29. கேன்சர் வந்து சாப்பிட முடியாம ஆறு மாசத்துல 62 கிலோவுக்கு வந்துட்டார், இப்ப பிஎம்ஐ 23-க்கும் கீழ. ஆஸ்பத்திரி பதிவுல அவர் சாதாரண எடைக் குழு! அவர் சீக்கிரம் இறந்தா அந்த மரணம் சாதாரண எடைக் கணக்குல ஏறும். இன்னொருத்தர் 80 கிலோவுலயே இருக்கார்னா அவரோட கேன்சர் இன்னும் உடம்பை உருக்க ஆரம்பிக்கல, பெரும்பாலும் ஸ்டேஜும் முன்கட்டமா இருக்கும். அதனால குண்டா இருக்கவங்க நல்லா இருக்காங்கங்கிறதுல ஒரு பங்கு, நோய் முத்தாதவங்க நல்லா இருக்காங்கங்கிறதுதான். என் பார்வையில இந்த முரணோட பெரும்பகுதிய இது ஒண்ணே விளக்கிடுது.

2. கையிருப்பு. இரைப்பையை எடுத்தப்புறம் எல்லாருக்கும் எடை இறங்கும், முழுசா எடுத்தவங்களுக்கு ஏற்கெனவே இருந்ததுல 10-லேர்ந்து 20 சதவீதம் வரைக்கும் போறது சகஜம். 80 கிலோ இருந்தவருக்கு 12 கிலோ போனா 68, தாங்குவார். 50 கிலோ இருந்தவருக்கு 7 கிலோ போனா 43, எழுந்து நடக்கவே தெம்பு இருக்காது.

3. கீமோவைத் தாங்குறது. ஜப்பான்ல டி2 ஆபரேஷனுக்கு அப்புறம் எஸ்-1ங்கிற மாத்திரைய ஒரு வருஷம் கொடுத்துப் பாத்ததுல அஞ்சு வருஷம் பிழைச்சவங்க 61.1-லேர்ந்து 71.7 சதவீதமா உயர்ந்தாங்க. ஆனா மாத்திரைய விடாம சாப்பிட்டாதானே! ஆபரேஷன் முடிஞ்ச முதல் மாசத்துலயே 15 சதவீத எடையை இழந்தவங்க அந்த மாத்திரைய பாதியில நிறுத்துறது அதிகம்னு அதே ஜப்பான்ல பாத்திருக்காங்க. குண்டா இருக்கவங்களுக்கு கீமோ அளவை பயந்துகிட்டு குறைக்கக் கூடாது, உண்மையான எடைக்குத் தகுந்த முழு அளவு கொடுக்கணும்னு அமெரிக்க கேன்சர் டாக்டர்கள் சங்கம் 2012-லயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கு.

இந்த நன்மை எல்லாம் லேசான அதிக எடைக்குத்தான். மிக அதிகப் பருமனுக்கு இதே கணக்கை நீட்ட முடியாது. கடுமையான சிக்கல், முக்கியமா வயித்துக்குள்ள லீக்கும் சீழும் வந்தா கீமோ தள்ளிப் போகும், அப்படிப்பட்டவங்களோட நீண்ட கால முடிவும் மோசமாதான் இருக்கு. ஆக ஆபரேஷன் சுத்தமா முடிஞ்சா பருமன் பெரிய பாதகம் இல்ல, சிக்கலாச்சுன்னா அந்தக் கையிருப்பெல்லாம் அங்கேயே கரைஞ்சிடும்.

சதை இல்லாத பருமன்

பிஎம்ஐ-க்கு சதைக்கும் கொழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. ஸ்டேஜ் பாக்க எடுக்குற அதே சிடி ஸ்கேன்லயே இடுப்பு முதுகெலும்பு மூணாவது எலும்பு மட்டத்துல சதை எவ்வளவு இருக்குன்னு அளக்க முடியும். மேல கொழுப்பு, உள்ள சதை கரைஞ்சு போயிருக்க உடம்புதான் ரொம்ப ஆபத்தானது, ஆபரேஷன் கஷ்டமும் முழுசா வரும், தாங்குற சக்தியும் இருக்காது. பாக்க நல்லா குண்டா இருக்காரேன்னு வீட்ல நினைப்பாங்க, அவரால நாற்காலியிலேர்ந்து கை ஊனாம எழுந்திருக்க முடியாது.

நோயாளியும் வீட்ல இருக்கவங்களும் கவனிக்க வேண்டியது

ஆபரேஷன் சுலபமாகட்டும்னு தானாவே பட்டினி கிடந்து இளைக்கக் கூடாது. போறது கொழுப்பு மட்டும் இல்ல, சதையும் சேந்து போகும். ஜப்பான்ல ஆரம்ப நிலை நோயாளிகளுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி உடற்பயிற்சியும் கட்டுப்படுத்தின டயட்டும் கொடுத்துப் பாத்திருக்காங்க, ஆனா அதெல்லாம் புரதம் குறையாம டாக்டர் மேற்பார்வையில நடந்தது. தினம் நடக்குறது, மூச்சுப் பயிற்சி, புகையை நிறுத்துறது, சுகரைக் கட்டுக்குள்ள கொண்டு வர்றது, முட்டை பருப்பு மீன் மாதிரி புரதம், இது எல்லாருக்கும் பொருந்தும்.

டாக்டர்கிட்ட போகும்போது இன்னிக்கு எடை என்னன்னு மட்டும் சொல்லாதீங்க, ஆறு மாசத்துக்கு முன்னாடி எவ்வளவு இருந்ததுன்னும் சொல்லுங்க. முயற்சி பண்ணாமலே 6-லேர்ந்து 12 மாசத்துல 5 சதவீதத்துக்கு மேல எடை குறைஞ்சா அது எச்சரிக்கை, குண்டா இருக்கவங்க விஷயத்துல இது ரொம்பவே தவறிப் போகுது ஏன்னா இளைச்சா ஊரே பாராட்டும், நல்லா இளைச்சுட்டீங்களே என்ன டயட்டுன்னு கேக்கும், அவரும் சந்தோஷப்பட்டுட்டு கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறையுதேங்கிறதைப் பெருசா எடுத்துக்க மாட்டார். இப்ப செமாகுளுடைடு மாதிரி எடை குறைப்பு ஊசி போடுறவங்க பெருகிட்டாங்க, அந்த ஊசியே பசியைக் குறைக்கும் எடையையும் குறைக்கும், அதனால கேன்சரோட அறிகுறி அதுக்குள்ள மறைஞ்சு போக இடம் இருக்கு. அதோட அந்த ஊசி இரைப்பை காலியாகுறதைத் தாமதப்படுத்தும், மயக்கம் கொடுக்கும்போது உள்ள சாப்பாடு இருந்தா மேல ஏறி நுரையீரலுக்குப் போற ஆபத்து உண்டு, எண்டோஸ்கோபிக்கோ ஆபரேஷனுக்கோ போறதுக்கு முன்னாடி இந்த ஊசி போடுறேன்னு கண்டிப்பா சொல்லணும்.

ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரேடியா மூணு வேளை கிடையாது, கொஞ்சம் கொஞ்சமா ஆறேழு தடவை சாப்பிடணும். எப்படியோ எடை குறைஞ்சது நல்லதுன்னு வீட்ல விட்டுடக் கூடாது, முதல் மூணு மாசம் வாரம் ஒருதடவை எடை பாத்து எழுதி வெச்சு அடுத்த செக்கப்புக்கு அந்த நோட்டை எடுத்துட்டுப் போகலாம். முழு இரைப்பையும் எடுத்தவங்களுக்கு பி12 சாப்பாட்டுலேர்ந்து உடம்புல சேராது, உள்ள இருக்க சேமிப்பு ஓடுறவரைக்கும் ஒண்ணும் தெரியாது, அப்புறம் ரத்த சோகையும் கால் மரத்துப் போறதும் வரும், அதனால பி12 ஊசி ஆயுசுக்கும் தொடரணும். பருமனோட சுகரும் இருந்தவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் சுகர் நல்லாவே இறங்கிடுறது உண்டு, பழைய அளவுலயே இன்சுலின் போட்டா தாழ்ந்து போய் மயக்கம் வரும், டிஸ்சார்ஜ் ஆகுற அன்னிக்கே புது அளவு என்னன்னு கேட்டு எழுதி வாங்கிக்குங்க.